பிரின் திருகிப் பார்த்த ஸ்க்ரூ

"உன் போல்ட்டைக் கடைசியா எப்ப துடைச்ச?" என்று யாராவது கேட்டால் கொரீன் உடனே பதில் சொல்லமாட்டாள். வானத்தைப் பார்ப்பாள், தாடையைச் சொறிவாள், அப்புறம், "எனக்கும் ஏபலுக்கும் கல்யாணம் ஆனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று திருப்பிக் கேட்பாள். பொய்தான். ஆனால் அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை.

அவள் தங்கை பிரின் நேர் எதிர். துப்பாக்கியின் வயிற்றுக்குள் முன்னும் பின்னும் ஓடும் முக்கால் சாண் இரும்பு இருக்கிறதே, போல்ட்டும் அதைச் சுமந்து ஓடும் கேரியரும், அது துப்பாக்கிக்குள் இருந்த நேரத்தைவிட பிரினின் கையில் இருந்த நேரம்தான் அதிகம். டிவி பார்க்கும்போது கையில் போல்ட். போன் பேசும்போது போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், போல்ட் கையில். ஒவ்வொரு தோட்டா வெடிக்கும்போதும் அந்த இரும்புதான் பின்னால் பாய்ந்து காலியானதை வெளியே எறியும், முன்னால் பாய்ந்து அடுத்ததை உள்ளே திணிக்கும். அது ஓடினால் துப்பாக்கி. ஓடாவிட்டால் நல்ல விலை கொடுத்து வாங்கிய கைத்தடி.

பிரினின் துப்பாக்கி அடிக்கடி கைத்தடியாகிவிடும். அதுதான் பிரச்சினை.

அக்காவும் தங்கையும் கவுண்டி ரைஃபிள் கிளப்பின் ஜோடிப் போட்டியில் ஒன்றாகச் சுடுகிறவர்கள். ஒருத்தி வரிசையாக நிற்கும் இரும்புத் தட்டுகளைச் சுட்டுச் சாய்த்து முடித்து மற்றவளின் தோளைத் தட்ட வேண்டும், உடனே மற்றவள் தொடங்க வேண்டும், கடிகாரம் நிற்காது. கொரீன் பீட்ரூட் லாரி ஓட்டுகிறவள். பக்கத்தில் இடியே விழுந்தாலும் கியரை மாற்றிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். சுடுவதும் அப்படித்தான். தட்டு, அடுத்த தட்டு, அடுத்த தட்டு, முடிந்தது. அப்புறம் பிரினின் தோளில் கை விழும். பிரினும் நன்றாகத்தான் சுடுவாள், துப்பாக்கி சம்மதித்தால்.

போன வருஷம் சம்மதிக்கவில்லை. போட்டிக்கு முந்தின நாள் போல்ட்டைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, இன்னொரு துணியால் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தாள். எண்ணெய் போடத்தான் மறந்துவிட்டாள். இந்த ஆகஸ்ட் மாதம் மறுபடி நின்றது. இந்தமுறை புதிதாக வந்த ஏதோ ஒரு பிரமாதமான கிரீஸைப் பூசியிருந்தாள். அதில் புழுதி போய் ஒட்டி உள்ளே களிமண் மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு கொரீன் கத்தவில்லை. லாரியின் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே சொன்னாள்:

"இங்க பாரு குட்டி. அக்டோபர் போட்டியில இது நின்னுச்சுன்னா, அடுத்த வருஷம் நான் ஏபலோட சுடுறேன்."

"ஏபலோடயா? அவருக்கு மிக்சி போட்டாலே காதைப் பொத்தணும்!"

"பொத்திக்கிட்டே சுடட்டும். அவரு துப்பாக்கியை நோண்டமாட்டாரு. எனக்கு அது போதும்."

பக்கத்தில் நின்றிருந்த பள்ளிக்கூடச் சமையற்காரர் ஏபல், தன் புருஷன் பதவியில் இப்படி ஒரு வேலையும் அடங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டவர் போல முழித்தார். அன்றிலிருந்து பிரினின் துப்பாக்கி நல்லபடியாக ஓட வேண்டும் என்று இந்த உலகத்தில் பிரினைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஒரே ஜீவன் அவர்தான். "எண்ணெய் போட்டியாம்மா?" என்று கடைத்தெருவில் பார்த்தால்கூடக் கேட்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சமையல் விஷயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரி, பிரின் என்ன செய்தாள்? அவளைப் போன்றவர்கள் எல்லாரும் செய்வதைத்தான். புதுசு வாங்கினாள்.

தங்கநிறப் பூச்சுப் போட்ட கேரியர். பெட்டியைத் திறந்ததும் சமையலறையே மஞ்சளாகிவிட்டது. தேய்மானமே கிடையாது, அழுக்கு ஒட்டாது, துடைத்தால் போதும், இப்படியெல்லாம் பெட்டியில் எழுதியிருந்தது. பெட்டியில் எழுதியிருந்ததை எல்லாம் பிரின் கிளப்பில் ஒப்பித்தாள். கிளப்பில் எல்லாரும் ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்கள். அவள் போனதும் சிரித்தார்கள். சில பேர் போகும்வரை பொறுக்கவில்லை.

கிண்டலுக்குத் தலைவர் லானி. வயல்களில் வட்டமடித்துத் தண்ணீர் இறைக்கும் பெரிய குழாய் வண்டிகளை ரிப்பேர் செய்கிறவர். போட்டியில் எப்போதும் இவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறவர். "யாரோட தங்கப் பல்லை உருக்கி ஊத்தின?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தக் கேரியருக்குக் கிளப்பில் பல்செட் என்றே பெயர்.

பிரினுக்கு ரோஷம் வந்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், நிரூபித்தால்தான் ஆச்சு. அதற்கான வேலையில் பாதி ஏற்கனவே முடிந்திருந்தது, ஏனென்றால் போன ஜனவரியிலேயே அக்காவின் துப்பாக்கியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவள் அவள். பனிப்புயலில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த வாரம் அது. கொரீன் குளித்துவிட்டு வருவதற்குள் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, அக்காவின் கரிய போல்ட்டையும் தன் பழைய போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் மிளகாய்ச் சிப்ஸ் என்று உட்கார்ந்துவிட்டாள். குழலில் பூட்டும் பற்களில் எந்தப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பூச்சு எங்கே போய் வெள்ளி தெரிகிறது, அடிவயிற்றில் தண்டவாளம் மாதிரி உரசின கோடு எவ்வளவு அகலம். அது போதாதென்று தோட்டா வடிவத்தில் இருக்கும் அளவுக் கட்டைகளைக் கொண்டுவந்து, இந்தப் போல்ட்டை அந்தத் துப்பாக்கியில் போட்டு, அந்தப் போல்ட்டை இந்தத் துப்பாக்கியில் போட்டு, குழலோடு சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தாள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள். செப்டம்பரில் தங்கம் வந்ததும் அதையும் சேர்த்து மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

கொரீனுக்கு இது எதுவும் தெரியாது. துப்பாக்கியில் மிளகாய்ச் சிப்ஸ் வாசனை வருகிறதே என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

*

போட்டிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பிரின் வேலை செய்யும் பீன்ஸ் கிடங்கில் மத்தியானமே லாரி வரத்து நின்றுவிட்டதால் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் தயார். துப்பாக்கி சுத்தம். எண்ணெய், போட்டாயிற்று. மேகசின்கள் வரிசையாக. செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

செய்வதற்கு ஒன்றுமே இல்லாத பிரின் ரொம்ப ஆபத்தானவள்.

போனை எடுத்தாள். எங்கேயோ ஒரு மகராசன் எழுதியிருந்தான்: கேரியரின் முதுகில் குழாய் போல ஒரு சின்னத் துண்டு இருக்குமே, வெடித்த வாயு உள்ளே வரும் வழி, அதை இரண்டு ஸ்க்ரூக்கள்தான் பிடித்திருக்கும், அது லேசாக லூசானாலும் துப்பாக்கி நின்றுவிடும், எல்லாரும் செக் பண்ணுங்கள் என்று. அதற்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: பண்ணாதீர்கள், கம்பெனியிலேயே சுற்றியிருக்கும் இரும்பை உளியால் அடித்து ஸ்க்ரூத் தலை மேல் நசுக்கி, அது திரும்பாதபடி பூட்டித்தான் அனுப்புகிறார்கள், கண்ணால் பார்த்தால் போதும், கை வைக்காதீர்கள் என்று.

பிரின் முதல் ஆள் எழுதியதை மூன்று தடவை படித்தாள். இரண்டாவது ஆள் எழுதியதைப் பாதி படித்தாள்.

திருகுச் சாவியை எடுத்து ஸ்க்ரூவில் வைத்து லேசாகத்தான் திருகினாள். அசையவில்லை. நல்லது, இறுக்கமாகத்தான் இருக்கிறது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் இறுக்கமாக இருக்கிறதா, ரொம்ப இறுக்கமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

டக்.

அந்த டக் சத்தம் சின்னதுதான். வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கூடக் காதைத் தூக்கவில்லை. பிரினுக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. அவசரமாகத் திரும்ப முறுக்கி இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. நசுக்கிவைத்திருந்த ஓரம் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது, பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். வைக்காமலும் தெரியும். பிரின் பூதக்கண்ணாடியை டிராயரில் போட்டு மூடினாள்.

*

சனிக்கிழமை காலை காற்று சும்மா தள்ளியது. தூரத்துச் சாலையில் பீட்ரூட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கொரீன் மட்டும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் கடைசிப் போட்டிக்கு முன்னால் எல்லாரும் தங்கள் போல்ட்டைக் கழற்றி நீள மேஜைமேல் நிற்க வைக்க வேண்டும். போல்ட்டை வெளியே இழுத்துவிட்டு, அதன் முகத்தை மேஜையில் ஊன்றி, கேரியரைத் தலைகீழாக நிறுத்துவது. உள்ளே இருக்கும் மெல்லிய வளையங்கள் நன்றாக இருந்தால் கேரியர் அப்படியே நிற்கும். தேய்ந்திருந்தால் தன் பாரம் தாங்காமல் மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். முதலில் உட்கார்வது யாருடையதோ, அவர் அன்றைக்குச் சில்லி என்ற பீன்ஸ் கறிக் குழம்பு வைத்த பாத்திரங்களைக் கழுவ வேண்டும்.

சுடுமிடத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் ரோசலிண்டா கைதட்டினாள். வார நாட்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், அவள் கைதட்டினால் பெரியவர்களும் சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

"எல்லாரும் நிறுத்துங்க. மேஜையை யாரும் தட்டக்கூடாது. லானி, உங்களைத்தான் சொல்றேன்."

"நான் என்ன பண்ணேன்?"

"இன்னும் பண்ணலை. அதான் சொல்றேன்."

கறுப்புக் கேரியர்கள், சாம்பல் கேரியர்கள், நடுவில் மாப்பிள்ளை மாதிரி பிரினின் தங்கம். லானி குனிந்து பார்த்தார். பிரின் மேஜையை ஒட்டி நகர்ந்தாள். இன்னும் இரண்டு அங்குலம் பக்கத்தில் போனால் அந்த விலகின ஓரம் அவர் கண்ணில் பட்டுவிடும்.

லானி சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, கேரியரைக் கண்ணாடியாக வைத்து மீசையைச் சீவினார்.

"நல்லாத் தெரியுது பொண்ணே. ஷேவ் பண்ணவும் ஆகும் போலிருக்கே?"

"தொடாதீங்க, கைரேகை விழும்!" என்று பிரின் கேரியரின் முதுகைக் கையால் மறைத்தாள்.

"கைரேகை விழுந்தா தேயுமாமா? பெட்டியில எழுதியிருக்கா?"

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேஜையின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கேரியர், சீட்டில் தூங்கி வழியும் ஆள் மாதிரி, சத்தமே இல்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, க்ளுக் என்று உட்கார்ந்தது.

கொரீனுடையது.

"அய்யோ!" என்றாள் பிரின். அந்த அய்யோவில் எவ்வளவு துக்கம், எவ்வளவு சந்தோஷம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். "பாத்தியா கொரீன்? வளையம் எல்லாம் போச்சு. நான் எத்தனை தடவை சொன்னேன்! பாரு, என்னோடது எப்படி நிக்குது!"

கொரீன் எட்டிப் பார்த்தாள். தங்கம் நின்றது. தங்கம் மட்டுமல்ல, மேஜையில் மற்ற எல்லாமே நின்றன.

"நிக்குது," என்றாள் கொரீன். "நின்னுக்கிட்டே இருக்கப்போகுதா, இல்ல ஓடவும் ஓடுமா?"

"வளையம் போனா உன்னோடதுதான் நிக்கும்!"

"பாப்போம். எனக்குப் பாத்திரம் கழுவத் தெரியும். உனக்கு என்ன தெரியும்னு சாயங்காலம் பாக்கலாம்." தன் கறுத்த கேரியரை எடுத்து, பாட்டிலிலிருந்து எண்ணெயைக் கண்டபடி பீய்ச்சி, கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு துப்பாக்கிக்குள் தள்ளினாள். பொரியலுக்கு எண்ணெய் ஊற்றுவதில்கூட அதைவிடக் கணக்கு இருக்கும்.

அடுப்புப் பக்கத்திலிருந்து ஏபல் கரண்டியோடு ஓடிவந்தார். "பிரின், உன்னோடது நின்னுச்சாமே? நின்னா நல்லதுதானே? ஓடுறதுதானே நல்லது? எது நல்லது, சொல்லு!"

"நல்லதுதான் ஏபல்."

"அப்பாடா." அவர் திரும்பிப் போனார். பிரினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

இவர்கள் முறை வந்தது. ரோசலிண்டா பின்னால் டைமரைத் தூக்கிப் பிடித்தாள். கொரீன் தொடங்கினாள்.

தட்டு, அடுத்த தட்டு, அடுத்த தட்டு. மேஜையில் தூங்கி விழுந்த அதே கறுப்புப் போல்ட், உள்ளே போனதும் டீசல் என்ஜின் மாதிரி ஓடியது. கடைசித் தட்டு சாய்ந்தது. கொரீன் தன் துப்பாக்கியைக் காலி செய்து, ரோசலிண்டாவிடம் காட்டி, முனை எதிரே குண்டைத் தாங்கும் மண்கரையைப் பார்க்க மேடையில் வைத்துவிட்டு, பிரினின் தோளைத் தட்டினாள்.

பிரின் சுட்டாள். முதல் தட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஓடுகிறது! தங்கம் ஓடுகிறது! மூன்றாவது, நான்காவது. வெள்ளிக்கிழமை டக் என்றது ஒரு டக்கே இல்லை, ஏதோ நாற்காலிச் சத்தம்.

ஐந்தாவது தட்டுக்கு விரலை அழுத்தினாள். க்ளிக்.

காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே, வாசற்படியில் மாட்டிக்கொண்ட கட்டில் மாதிரி நின்றது. இழுத்துத் தட்டிவிட்டுச் சுட்டாள். அவசரத்தில் குறி தவறி ஒரு தோட்டா போனது. மறுபடி நின்றது. இழுத்தாள், சுட்டாள், அதுவும் தவறியது, மறுபடி நின்றது. பின்னாலிருந்து, "பல்லு ஆடுது போலிருக்கே!" என்று லானியின் குரல். சிரிப்பு.

பிரினுக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, உள்ளே தள்ள வேண்டிய வாயு பக்கவாட்டில் புஸ் புஸ் என்று போய்க்கொண்டிருக்கிறது. மேகசினைக் குறை சொல்லலாம். தோட்டாவைக் குறை சொல்லலாம். கொரீன் நம்புவாள்கூட. நம்பிவிட்டு, அடுத்த வருஷம் ஏபலோடு சுடுவாள்.

துப்பாக்கியைக் காலி செய்து, முனையை மண்கரையைப் பார்த்தபடியே வைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்:

"ஸ்க்ரூ கழண்டுடுச்சு. முதுகுல இருக்குறது."

"அது கழலாதே," என்றாள் கொரீன் பின்னாலிருந்து. "அடிச்சுப் பூட்டித்தானே அனுப்புவாங்க?"

"நான் திருகிப் பாத்தேன்."

"எதுக்கு?"

"இறுக்கமா இருக்கான்னு."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான் பாக்குற வரைக்கும்."

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி நின்றால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம், முழுத் துப்பாக்கியைத் தவிர ஜோடி ஆள் கையில் எது இருந்தாலும் கொடுக்கலாம், அது கிளப் விதி. ஆனால் கொரீனிடம் உளியா இருக்கும், சுத்தியலா இருக்கும்? சூரியகாந்தி விதைப் பொட்டலம்தான் இருக்கும்.

"என் போல்ட் உன் துப்பாக்கிக்குள்ள போகுமா?" என்றாள் கொரீன்.

"போகும்," என்றாள் பிரின்.

ரோசலிண்டா டைமரைக் கீழே இறக்காமலே குறுக்கே வந்து நின்றாள். "நில்லு மகளே. ஒருத்தர் போல்ட்டை இன்னொருத்தர் குழல்ல சும்மா சொருகிச் சுட நான் விடமாட்டேன். மூஞ்சியில வெடிச்சா உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? கண்ணால பாத்துச் சொல்றியா, இல்ல அளவுக்கட்டை போட்டுப் பாத்தியா?"

"கட்டை போட்டுப் பாத்தேன். ரெண்டும் ரெண்டுலயும். ஜனவரியில ஒருதடவை, போன மாசம் ஒருதடவை. நல்லாப் பூட்டுது. அவளோட போல்ட் என் குழல்ல என்னோடதைவிட நல்லாப் பூட்டுது. பல்லு எல்லாம் முழுசா இருக்கு, விரிசல் கிடையாது. வால்ல கரி மட்டும் கொஞ்சம் இருக்கு, அதை நான் சுரண்டலை, சுரண்டினா அவளுக்குத் தெரிஞ்சிடும்னு."

கொரீன் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என் துப்பாக்கியையா?" என்றாள் கொரீன். "ஜனவரியிலயா? எங்க வச்சு?"

"சாப்பாட்டு மேஜை. நீ குளிக்கப் போயிருந்த."

"அதான் சிப்ஸ் நாத்தம்!"

"பொண்ணுங்களா," என்றாள் ரோசலிண்டா, "கடிகாரம் ஓடுது. குடும்ப விஷயம் பேசணும்னா காபி கொண்டுவரச் சொல்லட்டுமா?" அப்புறம் ஒதுங்கி நின்றாள். "மாத்துங்க."

கொரீன் மேடையில் இருந்த தன் துப்பாக்கியின் ஆணியைத் தட்டி, மடக்கித் திறந்து, கறுத்த கேரியரை உருவினாள். எண்ணெயும் கரியுமாக, இன்னும் சூடாக, பார்க்கவே சகிக்காமல் இருந்தது. அதைத் தங்கையின் கையில் வைத்தாள். வேறு யாராவது "இது பொருந்தும்" என்று சொல்லியிருந்தால் கொரீன் தந்திருப்பாளா என்று தெரியாது. பிரின் சொன்னதால் தந்தாள். அளந்து பார்க்காமல் இவள் எதையும் விடமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அதுதானே இவளோடு பெரிய தொல்லையே!

தங்கம் வெளியே வந்தது, முதுகில் அந்தத் துண்டு லொடலொடவென்று ஆடியது. கரி உள்ளே போனது. பிரினின் வெள்ளைச் சட்டைக் கை முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

ஐந்தாவது தட்டு. ஆறாவது. ஏழு. எட்டு. நிற்கவே இல்லை. கடைசித் தட்டு விழுந்தபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது சில்லி அடுப்புப் பக்கமிருந்து ஏபல்தான். காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

*

கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. கடைசி இடம், மேகசினைக் காரிலேயே விட்டுவிட்டு வந்த ஒரு ஜோடிக்கு.

மத்தியானம் எல்லாரும் கிண்ணத்தில் சில்லியும் தட்டில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏபல் பள்ளிக்கூடத்தில் செய்கிற அதே ஜோடி. ரோலைச் சில்லியில் முக்கித் தின்பதா, தனியாகத் தின்பதா என்று ஒவ்வொரு வருஷமும் நடக்கும் சண்டை இந்த வருஷம் நடக்கவில்லை. வேறு விஷயம் கிடைத்துவிட்டதே.

"அப்ப, இறுக்கமா இருந்துச்சு," என்றார் லானி.

"லானி, போதும்."

"இல்ல, சந்தேகத்துக்குக் கேக்குறேன். எங்க வீட்டுக் கொதிகலன்கூட இறுக்கமாத்தான் இருக்கு. வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயேன். எனக்குப் புதுசு வேணும், பெண்டாட்டி வாங்க விடமாட்டேங்குறா."

பிரின் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டாள். லானி சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் தன் வண்டியிலிருந்து சுத்தியலையும் உளியையும் கொண்டுவந்தார். தங்கத்தை மடியில் வைத்து, ஸ்க்ரூவை முறுக்கி, ஓரத்தில் நறுக் நறுக்கென்று நான்கு அடி. அழகான மஞ்சள் பூச்சில் நான்கு குழி. பிரினுக்கு ஒவ்வொரு அடியும் பல்லில் விழுந்தது.

"இந்தா. இனிமே இது கழலாது. நீ பக்கத்துல இல்லாதவரைக்கும்."

மேஜைமேல் இப்போது இரண்டும் இருந்தன. குழி விழுந்த தங்கம், எண்ணெய் சொட்டும் கரி. பிரின் இரண்டையும் பார்த்தாள். கை தானாகப் போய்க் கரியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தது. ஜனவரியில் பார்த்த உரசல் கோடு இன்னும் அதே அகலம்தான். ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. இத்தனைக்கும் தன்னுடையதைவிட எத்தனையோ மடங்கு சுட்டது இது.

"எப்படி இது தேயவே இல்ல?" என்றாள், யாரையும் கேட்காமல்.

"எண்ணெய்," என்றாள் கொரீன், எதிரில் உட்கார்ந்தபடியே. "அப்புறம், யாரும் தொடலை. ஜனவரியில தவிர."

பிரின் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். கேட்டே ஆக வேண்டும். "நின்னுடுச்சுல்ல. நீ சொன்ன மாதிரி." கரியைக் கீழே வைத்தாள். "அடுத்த வருஷம் ஏபலோடயா?"

அடுப்புப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

கொரீன் எட்டித் தங்கக் கேரியரை எடுத்தாள். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஜீன்ஸில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு மாதிரிக் கள்ளச் சிரிப்பு.

"நல்லாத்தான் இருக்கு இல்ல?"

"என்ன?"

"பளபளன்னு. முதல் நாள்லேர்ந்தே பாத்துக்கிட்டிருக்கேன். நீ ஓயாம அதைப் பத்தியே பேசுனதால கேக்கல." தன் துப்பாக்கியைக் கிட்டே இழுத்தாள். "இது என் குழல்ல பூட்டுமா?"

"பூட்டும். போன மாசம் கட்டை போட்டுப்... அதுவும் நீ குளிக்கும்போதுதான்."

"அடிக்கடி குளிக்கிறேன் போலிருக்கு." தங்கத்தை உள்ளே தள்ளி, மடக்கி, ஆணியை அழுத்தினாள். ஒருமுறை இழுத்துவிட்டாள். வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கொரீனின் புருவம் ஏறியது. இன்னொரு தடவை இழுத்துவிட்டாள். இன்னொரு தடவை.

"கொரீன், அது என்னோடது!"

"உன்னோடதுதான் உன்கிட்ட இருக்கே. கறுப்பா. ஓடுதுல்ல? அதுக்கு வளையம் மாத்திக்கோ, நீ துடைக்கவும் செய்யலாம், அனுமதி தர்றேன். ஸ்க்ரூ பக்கம் போன, கையை உடைச்சிடுவேன்."

"அப்ப அடுத்த வருஷம்?"

"என் போல்ட் உன் துப்பாக்கியில இருக்கு, உன் போல்ட் என் துப்பாக்கியில இருக்கு. நான் எப்படி ஏபலோட போறது? அறிவு இருக்கா உனக்கு?"

அடுப்புப் பக்கமிருந்து பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. ஏபல் இரண்டு கைகளிலும் இரண்டு இலவங்கப்பட்டை ரோலோடு வந்து, பிரினின் தட்டில் ஒன்றை வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதையும் வைத்தார்.

"பாத்திரம்," என்று ரோசலிண்டா அங்கிருந்தே கத்தினாள். "யாரோ உக்காந்துட்டாங்களே காலையில, யாரு?"

"உக்காந்தது இந்தக் கறுப்பு," என்றாள் கொரீன், பிரின் பக்கம் கையைக் காட்டி. "இப்ப அது யாருகிட்ட இருக்கு?"

பிரின் வாயில் ரோலோடு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். பின்னால் மேஜையில், சளக் சளக் என்று ஒரு சத்தம். கொரீன் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.